மஞ்சள் இல்லாத அறை

ஆட்டுக்குடல் முழுக்கப் பச்சையாக மின்னியது. சாயம் இன்னும் ஏற்றவேயில்லை.

ஆய்வுகூட உதவியாளன் மயூரதன் நீல விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். கமராத் திரையில் குடல் முந்தியைவிட வடிவாக மின்னியது. வீட்டில் மனைவிக்குப் போன் எடுத்தான்.

"தயாளினி, பிறிஜ்ஜுக்குள்ளை வைச்ச குடலை என்ன செய்தனீர்?"

"கழுவினனான். ஏன்?"

"மஞ்சள் போட்டோ?"

"பின்னை? குடலை மஞ்சள் போடாமல் ஆர் கழுவுவினம்? உங்கடை அம்மா வீட்டிலை அப்பிடியோ?"

போனை வைத்துவிட்டான்.

மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்துக்கு அன்று பெரிய நாள். நோர்வேக்காரர் அனுப்பிய சாயமும் இங்கே செய்த கமராவும் சேர்ந்த கூட்டு ஆராய்ச்சி அது. சாயம் ஓடுகிற இரத்தக்குழாய் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். நூலால் இறுக்கிக் கட்டிய குடல் துண்டுக்குள் சாயம் போகாது, அது இருட்டாகவே கிடக்கும். எந்த இடத்தில் வெட்டுவது என்று சத்திரசிகிச்சை செய்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு மணிக்கு நோர்வே வீடியோவில் வரும். படம் சரியென்றால் கமரா இங்குள்ள ஒப்பரேஷன் தியேட்டருக்கு. பிழையென்றால் பெட்டி கட்டி நோர்வேக்கு.

"சமாளிப்பீரோ?" என்றார் டொக்டர் ஜெயகௌரி, வாசலில் நின்று.

"என்னட்டை விடுங்கோ டொக்டர்."

மஞ்சளும் அந்த வெளிச்சத்தில் அதே பச்சையாகத்தான் மின்னும். குடல் கிடந்த மேசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். மினுக்கம் போகவில்லை.

"மஞ்சள் தண்ணியிலை கரையாது, பெர்னடெட்டக்கா," என்றான், துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பணியாளரிடம். "ஸ்பிரிட்டிலை எண்டால் உடனை கரையும். பாருங்கோ!"

கரைந்தது. கரைந்து மேசை நீளத்துக்கும் ஓடி, விளிம்பால் வழிந்து, அவன் சப்பாத்துக்குள்ளும் இறங்கியது. விளக்கைப் போட்டால் அறையே மின்னியது.

"மாதாவே! தம்பி, உங்கடை மூக்கும் மின்னுது."

"பரவாயில்லை அக்கா. நான் போய் வேறை குடலும், மேசைக்கு விரிக்கப் புதுத் துணியும் கொண்டுவாறன். நீங்கள் அலுமாரியிலை இருக்கிற எல்லாத்தையும் எடுத்துத் துடையுங்கோ. மஞ்சள் ஒரு பொட்டும் இருக்கக் கூடாது."

கொக்குவில் இறைச்சிக் கடையில், "கழுவாத குடல் தாங்கோ," என்றான். கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

வழியில் வீட்டுக்குள் பூந்து, மச்சானின் கலியாணத்துக்கென்று வாங்கிவைத்த புது வேட்டியை, தயாளினி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

திரும்பி வந்தபோது பெர்னடெட் அலுமாரிக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எல்லாம் துடைச்சாச்சோ?"

"எல்லாம்... சரியாக்கியாச்சு தம்பி."

வேட்டியை விரித்து விளக்கைப் போட்டான். நாலு மூலையும் பச்சையாகக் கண்ணடித்தன.

"உங்கடை ஆக்கள் புது உடுப்புக்கு மஞ்சள் வைக்கிறவையெல்லே?" என்றார் பெர்னடெட் மெதுவாக.

மயூரதன் கத்திரிக்கோலை எடுத்தான். நாலு மூலையும் போயின. கலியாணம் ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு மணிக்கு நோர்வே வந்தது. விளக்கைப் போட்டதும் திரை கும்மிருட்டு. மேசை இருட்டு, குடல் இருட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவிய மூக்கும் இருட்டு. டொக்டர் ஜெயகௌரி குப்பியிலிருந்த சாயத்தை ஊசியில் எடுத்து மெல்ல ஏற்றினார்.

குழாய்கள் கிளை கிளையாகப் பச்சை பிடித்தன. கட்டிய துண்டு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

நோர்வேப் பேராசிரியர் எழும்பி நின்று கைதட்டினார். "எங்கள் சாயம் எங்களுக்கே இப்படி மின்னியதில்லை! கமரா உங்கள் தியேட்டருக்குத்தான். அப்படி என்ன செய்தீர்கள்?"

மயூரதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான்: "சுத்தம், சேர். இந்த அறையில் மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை."

"மிச்சச் சாயத்தை உடனே எங்களுக்கு அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்," என்றுவிட்டு அவர் திரையிலிருந்து மறைந்தார்.

பெர்னடெட் மயூரதனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அவையின்ரை சாயம் நான் குப்பியைத் துடைக்கேக்கை முழுக்க ஊத்துப்பட்டுட்டுது. அனுப்புறதெண்டால், கன்ரீனிலை இன்னொரு பக்கெற் மஞ்சள் வாங்கி ஸ்பிரிட்டிலை கரைக்க வேணும்."