லண்டன் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சியவர்

குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கும் லண்டன்காரர்கள் அத்தனை பேரும் உயிர்மேல் ஆசையில்லாதவர்கள் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் சுடுதண்ணி சார்தான்.

லண்டனின் டூட்டிங் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் வீட்டு மாடியில் அவரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். ஒரே கம்பெனி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர்கள். அங்கே இருந்தவரை, பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட கரும்புச் சாறு இரண்டு கிளாஸ் இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்த வீரர் அவர். லண்டனுக்கு வந்த முதல் வாரம், டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்தார். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

வெளிநாடு செல்வோர் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் எப்படிக் கவனமாக இருப்பது என்று அதில் போட்டிருந்தது. தண்ணீரைக் காய்ச்சு, ஐஸைத் தொடாதே, பச்சைக் காய்கறி வேண்டாம், பழமென்றால் தோலுரித்துத் தின்.

"சார், இது இங்கேருந்து நம்ம ஊருக்குப் போறவங்களுக்கு எழுதினது" என்றேன்.

"வெளிநாடுன்னுதானே போட்டிருக்கு. நான் இப்ப எங்க இருக்கேன்?"

பிரசுரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாண்ட்விச்சை இட்லித் தட்டில் வைத்து வேகவைத்தார். சாலட் இலைகளைக் கடைந்து கீரை மசியல் ஆக்கினார். ஒரு முக்கியமான மீட்டிங் முழுக்கத் திராட்சையை ஒவ்வொன்றாகத் தோலுரித்தார். வாடிக்கையாளர்கள் எங்கள் திட்டத்தைப் பார்க்காமல் அவர் விரல்களையே பார்த்தார்கள்.

வீடு முழுக்க நீராவி. அண்ணை மாடியேறி வந்தார்.

"தம்பி, இஞ்ச குழாய்த் தண்ணியை அப்பிடியே குடிக்க ஏலும். முப்பது வருசமாக் குடிக்கிறன். எனக்கு என்ன நடந்தது?"

சார் அண்ணையின் வழுக்கையைச் சற்று நேரம் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிச்சேன்" என்றார். அன்று அண்ணை வைத்த பெயர்தான் சுடுதண்ணி.

போன கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை, மேலாளருக்கு ஆபீஸ் மொட்டை மாடியில் பிரிவுபசார விருந்து. காலை பத்து மணிக்கு வந்த இறால் தட்டுகள் மதியம் இரண்டு மணிவரை வெயிலில் குளிர்காய்ந்தன. சார் தட்டின்மேல் உள்ளங்கையை நீட்டி நாடி பார்த்தார்.

"சூடும் இல்ல, சில்லுனும் இல்ல. யாரும் தொடாதீங்க."

இதை மேலாளரிடமும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து ஆவி பறக்கும் ரசம் சாதத்தைச் சாப்பிட்டார். எனக்கு மானம் போயிற்று. இந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சபைக்குக் காட்ட, இறாலை இரண்டு தட்டு தின்றேன்.

மறுநாள் காலையிலேயே நான் தின்று காட்டிய நாகரிகம் இரண்டு வழியாகவும் வெளியேறத் தொடங்கியது. மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியவில்லை, கண் இருட்டியது. சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. என் தலையைத் தாங்கிக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டினார். அதுவும் வெளியே வந்தபோது மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

"நாக்கு வறண்டு போச்சு. காலையிலேருந்து ஒண்ணுக்கே போகல" என்று டூட்டிங் முழுவதற்கும் ஆங்கிலத்தில் அறிவித்தார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அண்ணை காரை எடுத்தார். "பயப்பிடாதேயும் தம்பி, கெதியாப் போறன்" என்று வேகத்தைக் கூட்டினார். ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குப் பயமே வந்தது.

தன் கரண்டியையே மூன்று முறை துடைத்துவிட்டுச் சாப்பிடும் அந்த மனிதர்தான், நான் வாந்தியெடுத்த வாளியைத் தன் கையால் கழுவி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் குழையக் கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிப்பார் என்று தலைகுனிந்து காத்திருந்தேன்.

"உப்பு போதுமா?" என்றார்.

திங்கட்கிழமை ஆபீசில் இறால் தின்றவர்களின் ஆறு நாற்காலிகள் காலி. உலகத்துக்கே எச்சரிக்கை செய்துகொண்டிருந்தவர், சொல்வதற்கு முழு உரிமையிருந்த அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.