ஆபீசரம்மா வழுக்கு

ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர்கள் சான்றிதழை எல்லாம் பார்க்கிறார்கள். "உள்ளே நுழையும் முன்னால் இது என்ன இடம் என்று கேட்கிற பழக்கம் உண்டா?" என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலைக் கிராமங்களில் வளரிளம் பெண்களின் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. மாதவிடாய், சாப்பாடு, பள்ளிக்கூடம், கல்யாணம் என்று அறுபது கேள்விகள். எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். அதனாலேயே மலையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (பக்கத்து வீட்டு மாட்டைப் பார்த்திருக்கிறேன், அதனால் பால் கறப்பேன் என்பது மாதிரி.)

பயிற்சியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், வேறு யார் காதிலும் விழக் கூடாது. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில், ஒரு சின்ன ஊரில் முதல் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறக்கும் முன்னால் அவள் சித்தி பதில் சொன்னார். சித்தி சொன்னது தப்பு என்றார் அத்தை. வேலிக்கு அந்தப் பக்கம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொன்னார்.

விடுவேனா? தனி இடம் தேடி நடந்தேன். ஊருக்கு வெளியே, பலாமரத்தடியில் ஒரு குடிசை. பளிச்சென்று மெழுகிய தரை, ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் பானை. ஆள் அரவமே இல்லை. ஆகா, எனக்கென்றே கட்டியது போலிருக்கிறதே என்று பாயை விரித்து, பானையில் மொண்டு தண்ணீர் குடித்து, டேப்லெட்டோடு கலெக்டர் மாதிரி உட்கார்ந்தேன்.

பெண்கள் வந்தார்கள். பத்தடி தள்ளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உள்ள வாங்க கண்ணு, கூச்சப்படாதீங்க" என்று குழைந்து குழைந்து கூப்பிட்டேன். ஒருத்திகூட அசையவில்லை.

கடைசியில் ஒருத்தி மட்டும் நேராக உள்ளே வந்தாள். கையில் தட்டு, போர்வை, வேதியியல் புத்தகம். பிளஸ் டூ மாணவி. மலர் என்று வைத்துக்கொள்வோம். (நிஜப் பெயரைச் சொன்னால், பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்ற ஒன்றும் போய்விடும்.)

"ஏனுங்கக்கா, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"தனியாப் பேசத்தான்மா."

"இது தூரமானவங்க மூணு நாளைக்கு இருக்கற குடிசைங்க. எனக்கு இன்னைக்கு. அதான் வந்தேன்."

அதற்குள் பின்னாலேயே வந்த அவள் அம்மா பாதையில் நின்று சத்தம் போட்டார். "அட சாமி! அம்மிணி உள்ளார போயிருச்சா? தண்ணி வேற குடிச்சிருச்சா? இனி மூணு நாளைக்கு ஊருக்குள்ள வரக்கூடாதுங்களே கண்ணு!" கோபமெல்லாம் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

அறுபது கேள்விகள் வைத்திருந்தேன். அந்த நாட்களில் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை.

மலர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் பிளஸ் டூவே போச்சு. பஸ்ஸுக்குப் போகும் பாதை கோயில் வாசல் வழியாகப் போகிறது. இந்த நாட்களில் அதில் நடக்க மாட்டார்கள். இன்னொரு வழி ஓடையில் இறங்கிக் காட்டுக்குள் போகிறது. அங்கே கரடி நடமாட்டம். தனியாக விட அம்மாவுக்குப் பயம். துணைக்குப் போகிறவளும் மூன்று நாள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். மிளகு பறிக்கிற நேரத்தில் யாருக்கு ஒழியும்? அரையாண்டுத் தேர்வில் ஒரு பாடம் ஏற்கெனவே இப்படித்தான் போயிருந்தது.

மலர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பாதையைப் பார்த்துக் கத்தினாள். "அம்மோவ்! இந்தக்கா எப்படியும் வெளியிலதான் இருக்கோணும். இவங்களையே தொணைக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

நான் செய்த முட்டாள்தனத்தை ஒரு நிமிடத்தில் தன் பரீட்சைக்கு வழியாக மாற்றிவிட்டாளே! அவள் அம்மா என் செருப்பைப் பார்த்தார். "அது சரி கண்ணு. இந்த அம்மிணிக்கு யாரு தொணை?"

கேட்டது நியாயம்தான். விடிந்ததும் கிளம்பினோம். என் பையை மலர் சுமந்தாள், என் கையை மலர் பிடித்தாள், கரடி விலகிப் போகக் குரல் கொடுத்ததும் மலர்தான். நடுநடுவே உப்புச் சோதனையை ஒப்பித்துக்கொண்டே போனாள். "சில்வர் நைட்ரேட் சேர்த்தா வெள்ளை வீழ்படிவு. அப்ப குளோரைடு." ஓடைக்கு மேலே இருந்த சரிவில் நான் கால் வைத்தேன். அவ்வளவுதான். அங்கிருந்து ஓடை வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன். சுடிதார் கிழிந்தது, ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. "அக்கா, சுருக்கா வந்துட்டீங்க!" என்றாள் மேலிருந்து. பிறகு நான் போட்ட அதே தடத்தில் பாவாடையை இடுக்கிக்கொண்டு அவளும் சறுக்கி வந்தாள். "இது நல்லாருக்குதுங்கக்கா. பத்து நிமிசம் மிச்சம்."

பள்ளி வாசலில் எனக்கு வயிறு சுருட்டியது. நிஜமாகவே எனக்கும் வந்துவிட்டது. என் பையில் மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றி நாற்பது கையேடுகள் இருந்தன. தேவையானது ஒன்றுகூட இல்லை. மலர் தன் பையிலிருந்து ஒரு நாப்கினை எடுத்து என் கையில் திணித்தாள். "இப்பக் கேளுங்கக்கா. இப்ப நான் பதில் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அன்று சாயங்காலம் குடிசையில் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்துச் சொன்னாள். "மாதவிடாயால் பள்ளிக்குப் போகாமல் இருந்தது உண்டா? உண்டு, இல்லை" என்ற கேள்வி வந்தபோது டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கட்டந்தானுங்களா? இன்னைக்கு நான் போனேன். எப்படிப் போனேன்னு எழுத எடமே இல்லீங்களே?"

படித்தவர்கள் பல மாதம் உட்கார்ந்து தயாரித்த கேள்வித்தாள் அது. பதினேழு வயசுப் பெண் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஒரே பார்வையில் அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த வாய் முழுசாக மூடவில்லை. அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் "எப்படிப் போனீர்கள்?" என்று சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன், சேர்த்தார்கள்.

மலர் இப்போது மலையிலேயே நர்ஸ். நான் விழுந்த சரிவுக்கு அந்த ஊரில் 'ஆபீசரம்மா வழுக்கு' என்று பெயர். போன மாதம் போன் செய்தாள். "அக்கா, உங்க வழுக்குல புள்ளைங்க படி வெட்டிட்டாங்க. குடிசையில இருந்தவங்க மூணு பேரு அந்த வழியாவே பரீட்சைக்குப் போய்ட்டு வந்தாங்க. ஒருத்தியும் விடல." போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

என் அம்மா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், "எம்பொண்ணு கொல்லிமலையில வழி போட்டவளாக்கும்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதே இல்லை. "ஆமாமா. உக்காந்துக்கிட்டே போட்டா."