கடைசிப் பயணத்துக்குச் சரியான சில்லறை

தோல்பையில் நாற்பது நோட்டு இருக்க வேண்டும். கண்டக்டர் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் முப்பத்தாறுதான் இருந்தது.

"நாலு எங்கம்மா?"

"சிலிண்டர்காரர் வந்தார் மாமா. போன்ல அனுப்புனா போகவே மாட்டேங்குது. நோட்டாக் குடுங்கன்னு வாசல்லயே நின்னுட்டார்" என்றாள் மருமகள்.

"அது அவசரத்துக்குன்னு வச்சது."

"அடுப்பு எரியலைன்னா அது அவசரம் இல்லையா?"

அவர் நினைத்து வைத்திருந்த அவசரம் வேறு.

மனைவி இறந்த அன்று வண்டிக்காரர் வாசலில் நின்று கூலியை நோட்டாகக் கேட்டார். வீடு நிறைய ஆட்கள். எல்லோரிடமும் கார்டு இருந்தது, போன் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து நெட்வொர்க் இல்லை. ஒருவர் சட்டைப்பையிலும் நோட்டு இல்லை. மகன் எங்கெங்கோ அலைந்து பணத்தோடு திரும்பும்வரை, முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் வண்டிக்கூலிக்காக ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தாள். பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் 'சரியான சில்லறை வச்சுக்கோங்க' என்று கத்தியே ரிட்டயர் ஆன மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தனக்கு அப்படி ஆகக் கூடாது. கடைத்தெருச் சவப்பெட்டிக் கடைக்குப் போய் வண்டி, பெட்டி, பூ எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து, வேலை பார்த்த காலத்துத் தோல்பையில் நோட்டுகளை அடுக்கினார். பை நிறைந்த நாளில் போய்ப் படுத்தவர்தான். சவரம் இல்லை. சாப்பாடு இரண்டு வாயோடு சரி. யாராவது கேட்டால், "டிக்கெட் எடுத்தாச்சு. வண்டி வர்றதுதான் பாக்கி" என்பார்.

அப்படிக் கிடந்தவரைத்தான் காணாமல்போன நாலு நோட்டு எழுப்பி உட்கார வைத்தது.

பையைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் மருமகள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். பையில் மேலும் மூன்று குறைந்தது. குழாய் ரிப்பேராம். பையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பேத்தி வந்து நின்றாள்.

"தாத்தா, ஸ்கூல்ல டூர். இன்னைக்குத்தான் கடைசி நாள். அம்மாகிட்ட நோட்டா இல்லையாம்."

தன் கையாலேயே பூட்டைத் திறந்தார்.

"உன் பொண்டாட்டி என்னை நிம்மதியாச் சாக விட மாட்டா போலிருக்கு" என்று மகனிடம் முறையிட்டார்.

"சொல்றேன்ப்பா" என்றான் மகன். சொன்னதாகத் தெரியவில்லை.

போனதை ஈடுகட்ட வேண்டுமே. ஆஸ்பத்திரிக்கு எதிரே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்க ஆள் தேடினார்கள். தினக்கூலி, கையில் காசு. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தாடியோட வராதீங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வர்றாங்க."

சவரம் செய்துகொண்டார். நடந்து போய் நடந்து வந்ததில் பசித்தது. பசித்ததால் சாப்பிட்டார். சில்லறை இல்லாதவர்களோடு மல்லுக்கு நின்றதில் பழைய தொண்டை திரும்பியது.

பை மட்டும் நிறையவில்லை. அவர் இரண்டு வைத்தால் வீட்டில் மூன்று நோட்டுக்கு அவசரம் வந்தது. மிக்ஸிகூடத் தனக்கு எதிராகச் சதி செய்வதாக அவருக்குப் பட்டது.

வீட்டில் வைத்தால்தானே இந்தத் தொல்லை. சவப்பெட்டிக் கடையிலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். இருந்ததோடு அந்த மாதம் கிடைத்த கூலியையும் சேர்த்து நாற்பது ஆக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மரியாதையாக உட்காரச் சொல்லி, நோட்டுகளை எண்ணிப் பார்த்தார். "டீசல் ஏறிடுச்சு ஐயா. இன்னும் மூணு வேணும். மொத்தமாக் கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

அடுத்த மாதம் மூன்றையும் சேர்த்துக்கொண்டு போனார். பலகை விலை ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதம் ஆணி.

"ஆணிக்கு அஞ்சு நோட்டா?"

"நல்ல ஆணி ஐயா."

கண்டக்டர் மதிய வேலையையும் சேர்த்துப் பார்த்தார். எது ஏறினாலும் இந்த முறை விடுவதில்லை என்று அறுபது நோட்டோடு போய் நின்றபோது கடைக்காரர் இல்லை. அவர் மனைவி மட்டும் பூக்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தார்.

"எண்ணிக்கோங்கம்மா. வண்டி, பெட்டி, பூ, ஆணி எல்லாத்துக்கும் சேர்த்து. ரசீது குடுங்க, நான் போய் நிம்மதியாப் படுக்கணும்."

அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்குப் பொய் சொல்ல வராது ஐயா. நீங்க படுத்த வாரமே உங்க மருமக வந்து எல்லாத்துக்கும் முழுசாக் கட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க எப்ப வந்தாலும் கொஞ்சம் பத்தாதுன்னு சொல்லி அனுப்பணும்னு மட்டும் கேட்டுக்கிட்டாங்க."