‘சேமி’ பட்டனை இரண்டு தடவை அழுத்தவும்

"ஜாவாவா, பைத்தானா? இன்னிக்கு ஒண்ணு சொல்லிடுங்க சார்," என்று புரோகிராமர்கள் இருவரும் மேஜையை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

டீம் லீடர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். மருந்துக் கிடங்கில் பில் போடும் பழைய புரோகிராமை அடியோடு புதிதாக எழுத வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்ற சண்டையிலேயே மாதங்கள் ஓடிவிட்டன. இன்னும் ஒரு வரி எழுதியபாடில்லை.

கண்ணாடிக்காரன் ஜாவா கட்சி. தாடிக்காரன் பைத்தான் கட்சி. ஒருவன் பக்கம் சாய்ந்தால் மற்றவன் வேலையை விட்டுவிடுவான். எனவே லீடர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "உன்னோடதுதான். வெளியில மூச்சு விடாதே," என்றார்.

குட்டு சீக்கிரமே உடைந்தது. சமாதானத்துக்கு, "ரெண்டும் வேண்டாம், ரஸ்ட்!" என்றார். அந்த மொழி இருவருக்குமே தெரியாது. "அப்ப முதல்ல கத்துக்கணுமே சார்," என்று முதன்முறையாக ஒற்றுமையாகச் சொல்லிவிட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கென்று டைரக்டர் போன் செய்தார். "நாளைக்கு வந்து பாக்கறேன். இப்ப ஓடுதே, அதை நான் தனி ஆளா முதல்லேருந்து எழுதினேன்யா! நீங்க மூணு பேர். புதுசு ஓடலேன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

லீடர் காலண்டரைப் பார்த்தார். வீட்டில் மனைவி நிறைமாதம். இந்த நேரத்தில் வேலை போனால்?

வேறு வழி தெரியவில்லை. பழைய புரோகிராமின் நீலத் திரையைப் பச்சையாக்கினார். மேலே ‘புதிய பதிப்பு’ என்று போட்டார்.

மறுநாள் கிடங்கில், பில்லிங் அக்காவை எழுப்பிவிட்டு டைரக்டரே நாற்காலியில் உட்கார்ந்தார். லீடருக்கு அப்போதுதான் உறைத்தது. பழையதில் ‘சேமி’ பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இரண்டு தடவை அழுத்த வேண்டும். அந்தக் கோளாறு அப்படியே இருக்கிறது! தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டக், டக்.

"பலே! பில் ஏறிடுச்சு," என்றார் டைரக்டர். "எதுல எழுதினே?"

"ரஸ்ட்... சார்."

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு." லீடரின் முகத்தைப் பார்க்காமலே தோளில் தட்டிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

லீடர் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "அக்கா... நான் சொல்லவே இல்லையே, அவர் ஏன் ரெண்டு தடவை அழுத்தினார்?"

பில்லிங் அக்கா நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தத் திரை சாம்பல் கலர்ல இருந்த காலத்துலயும் ரெண்டு தடவைதான் தம்பி. நீலம் அவர் அடிச்சது."