குளத்தில் முதலை இல்லை என்ற விடை

ஒரு காட்டில் குளம் ஒன்றே இருந்தது. குளத்துக்குப் போகும் வழியும் ஒன்றே. அவ்வழியின் வாயிலில் நின்ற நாவல் மரத்துப் பொந்தில், விசாரணைக் கவுண்டர் அமைத்து அமர்ந்திருந்தாள் சாரிகை என்னும் மைனா.

அங்கே கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "குளத்தில் முதலை இருக்கிறதா?" முன்பெல்லாம் ஒவ்வொரு கேள்விக்கும் கவுண்டரின் பணியாளான கொக்கு குளம்வரை பறந்து, பார்த்து, திரும்பி வந்து விடை சொல்லும். வரிசை நகராது, விலங்குகள் முணுமுணுக்கும். ஆகவே சாரிகை ஒரு சீர்திருத்தம் செய்தாள். கொக்கு சொன்ன விடையைத் தேக்கிலையில் எழுதி, அதன் தலையில் 'ஒரு நாழிகைக்குச் செல்லும்' என்று ஒரு சீட்டைக் கட்டிப் பொந்தில் வைத்துக்கொண்டாள். அந்த நாழிகைக்குள் யார் வந்து கேட்டாலும் அதே விடையின் நகல் கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைத்தது. காடே அவளைப் பாராட்டியது.

மருதி என்னும் புள்ளிமானும் பாராட்டியவள்தான், செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கப் போன அவளுடைய நாத்தனார் திரும்பி வராமல் போகும்வரை. குளத்தில் மிதந்தது ஒரு தேக்கிலை மட்டுமே. 'முதலை இல்லை' என்று அதில் அழகாக எழுதியிருந்தது.

மருதி அதைக் கவ்விக்கொண்டு கவுண்டருக்கு ஓடினாள். சாரிகை விடையைப் படிக்கவில்லை. தலைச்சீட்டை மட்டும் படித்தாள்.

"சம்பவம் எப்போது நடந்தது?"

"இலை வாங்கிய கால் நாழிகைக்குள்."

"அப்படியானால் விடையில் குறையில்லை."

"அவளை முதலை தின்றுவிட்டது, அம்மா!"

"தின்றிருக்கலாம். ஆனால் விடை காலாவதியாகவில்லையே."

அழுதுகொண்டிருக்க மருதிக்கு நேரமில்லை. அவளுடைய குட்டி இரண்டு நாளாகத் தண்ணீரின்றி நாக்கை நீட்டிப் படுத்திருந்தது. மறுநாள் விடிந்ததும் வரிசைக்கு வந்தாள். அவளுக்கு நேர் முன்னே, டோக்கனைப் பற்களில் பிடித்தபடி நின்றார் இடங்கரார். அக்காட்டின் ஒரே முதலை அவர்.

"என்ன மாமா, நீங்கள் இங்கே?"

"குளிக்கப் போகிறேன், மருமகளே. பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? காலம் கெட்டுக் கிடக்கிறது."

அவர் முறை வந்தது. "அம்மையாரே, குளத்தில் முதலை இருக்கிறதா?"

பொந்திலிருந்த இலை காலாவதியாகியிருந்தது. கொக்கு பறந்தது; குளம் முழுவதையும் நேர்மையாகத் துழாவியது; திரும்பி வந்து, "ஒன்றுகூட இல்லை" என்றது. புதிய இலை எழுதப்பட்டது. இடங்கரார் நன்றி கூறிவிட்டுக் குளத்தை நோக்கி நகர்ந்தார்.

"அடுத்தவர்! முதலை இல்லை" என்று சாரிகை நகலை நீட்டினாள்.

மருதி குளத்து வழியைச் சுட்டிக் காட்டினாள். "அம்மா, அது இங்கே நின்றதால் அங்கே இல்லை! இப்போது அங்கேதான் போகிறது. வால் தெரிகிறது, பாருங்கள்!"

"கவுண்டரில் இருப்பவள் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்ப்பது கொக்கின் பணி."

"கொக்கை மறுபடி அனுப்ப வழியே இல்லையா?"

சாரிகை குரலைத் தாழ்த்தினாள். "கேள்வியின் தலையிலும் சீட்டுக் கட்டலாம். 'பழைய விடை வேண்டாம்' என்று கட்டி வந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும். இதுவரை யாரும் கட்டியதில்லை. எல்லாருக்கும் அவசரம்."

மருதி உடனே கட்டினாள். கொக்கு போய் வந்து, "உண்டு" என்றது. வரிசை கலைந்து வீடு திரும்பியது. இடங்கரார் குளத்தில் வாயைத் திறந்தபடி ஒரு நாழிகை காத்திருந்தார், ஈகூட வரவில்லை. ஆகவே, மீண்டும் 'இல்லை' என்று எழுத வைப்பதற்காகக் கரையேறி வாயிலுக்கு வந்தார்.

நல்ல பிள்ளையான மான் என்றால் இவ்விடத்தில் முதலையின் சூழ்ச்சியைக் காட்டுக்கு அம்பலப்படுத்தியிருக்கும். மருதியோ அவருக்கு முன்னால் முப்பது உறவினரை வரிசையில் நிறுத்தியிருந்தாள். ஒவ்வொருவரின் கேள்வியிலும் 'பழைய விடை வேண்டாம்' என்ற சீட்டு.

முதல் மான் கேட்டது. கொக்கு பறந்து வந்து, "இல்லை" என்றது. மான் போய்க் குடித்தது. இரண்டாம் மான் கேட்டது. கொக்கு மறுபடி பறந்தது.

"மருமகளே," என்று பற்களைக் கடித்தார் இடங்கரார், "ஒரே கேள்வியை எத்தனை பேர் கேட்பீர்கள்?"

"ஆளுக்கு ஒருமுறை, மாமா. பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?"

"நான் குளத்துக்கே போகிறேன்."

"தாராளமாகப் போங்கள். நீங்கள் நீரில் இறங்கும்போதே, அடுத்த மானுக்காகப் பறந்து வரும் கொக்கு உங்களைப் பார்த்துவிடும். 'உண்டு' என்று எழுதிவிட்டால், சாப்பாட்டுக்கு யார் வருவார்கள்?"

இடங்கரார் யோசித்தார், நின்றார்.

முப்பதாவது மானும் போனபின் அவர் ஓரடி முன்னே வைத்தார். அப்போதுதான் கவுண்டருக்கு மேலே தொங்கிய பலகை அவர் கண்ணில் பட்டது: 'குட்டியுடன் வருவோருக்கு முன்னுரிமை.' குடித்துவிட்டுத் திரும்பிய முதல் மான், மருதியின் குட்டியுடன் அவருக்கு முன்னே வந்து நின்றது. அதன்பின் இரண்டாவது மான், அதே குட்டியுடன். அன்று மட்டும் அக்குட்டி முப்பது முறை குளத்துக்குப் போய் வந்தது; மாலையில் அதன் வயிறு பானைபோல் இருந்தது.

இடங்கரார் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார். மிகவும் இளைத்துவிட்டார். தாமதம் குறித்து எழுத்துமூலம் புகார் கொடுத்தார்; விடை கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைத்தது: 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.' அதன் தலைச்சீட்டில் சாரிகை எழுதியிருந்தாள்: 'என்றென்றும் செல்லும்.'

நீதி: பகைவனை வெல்ல இயலாதோர் அவனை வரிசையில் நிறுத்துக, வரிசை நகரத் தொடங்கினால், கைக்குழந்தையுடன் ஒருவரை முன்னே அனுப்புக.