சம்ப் வைத்த வீட்டு ஜெபம்

கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்குக் காலப்போக்கில் எல்லா வேலையும் கைவந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ஃபியூஸ் போடுவாள், ஸ்கூட்டருக்குக் காற்றடிப்பாள், தேங்காய் வெட்டுகிறவரிடம் சண்டை போடுவாள். அதெல்லாம் சரிதான். ஆனால் அந்த நம்பிக்கையை நானும் நம்பினேன் பாருங்கள், அங்கேதான் வினை.

என் கணவர் ஜஸ்டினுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. கேரள எல்லையோரம் கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மாமி வீட்டையும் என்னையும் மேய்க்கிறார்.

ஒரு லீவில் வந்தபோது ஜஸ்டின் ஹாலில் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி ஒன்று வைத்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், கடல்பாறைத் துண்டுகள், பாறையில் தலையாட்டும் ஏதோ ஒரு பூப்போன்ற ஜந்து. லீவு முடிந்து அவர் போனார், மீன்கள் இருந்தன. வீடியோ கால் வந்தால் முதல் கேள்வி, "தொட்டியைக் காட்டு". என் முகம் அதற்குப் பிறகுதான், அதுவும் சார்ஜ் மிச்சம் இருந்தால். (பொறாமை இல்லை. மீனோடு யார் போட்டி போடுவார்கள்? கொஞ்சம் போட்டேன்.)

ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான். "அடுத்த லீவுக்கு வாறப்போ ஒரு சம்ப் வைக்கணும் ஷீபா." தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டு கபோர்டுக்குள் இன்னொரு தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே விழும், அங்கே சுத்தமாகும், மோட்டார் அதைத் திரும்ப மேலே அனுப்பும். அதற்குப் பெயர்தான் சம்ப். அந்த அடுத்த லீவு தள்ளிக்கொண்டே போனது. கம்பெனியில் ஆள் இல்லையாம். ஈஸ்டர் என்றார், பிறகு ஓணம் என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வருவதற்குள் சம்பை நானே வைத்துவிட்டால்? வந்ததும் செய்ய ஒரு வேலை குறையும். அந்த நேரம் எனக்குக் கிடைக்கும். இதுதான் என் கணக்கு.

பிளம்பர் தங்கராஜ் அண்ணனை போனில் கூப்பிட்டு, "சம்ப் ஒண்ணு வைக்கணும் அண்ணா" என்றேன். மறுநாள் காலையில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து முற்றத்தில் நின்றார். "எங்க குழி எடுக்கணும்?" மாமியும் அதற்குள் தென்னைக்குப் பக்கத்தில் இடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன்.

"மீனுக்கு சம்பா?" என்றார். "அது வெள்ளத்திலதானே கிடக்குது?"

குழாயை அளவாக வெட்டி ஒட்டித் தந்துவிட்டு அவர் போய்விட்டார். மற்றதெல்லாம் நான், வீடியோ பார்த்து. வாங்கி வைத்திருந்த தொட்டியையும் மோட்டாரையும் கபோர்டுக்குள் வைத்து, மேலே கிடந்த ஃபில்டரையும் ஹீட்டரையும் அதற்குள் இறக்கினேன். மோட்டார் ஓடியது, தண்ணீர் விழுந்தது, ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழ்த்தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டால் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் ஜஸ்டின் வாங்கி வைத்துப்போனதில் மீதமிருந்த மீன்தொட்டி உப்பையெல்லாம் கரைத்து விளிம்பு வரை நிறைத்தேன். கூடுதல் தண்ணீர் மீனுக்கு நல்லதுதானே! (பில் போடுகிற மூளை. கூடுதல் என்றால் லாபம் என்றுதான் அதற்குத் தெரியும்.)

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜஸ்டினுக்கு லீவு கிடைக்கவேண்டும் என்பதற்காக மாமி ஏற்பாடு செய்தது. உபதேசியார் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜஸ்டினும் மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் கலந்துகொண்டார். போனைத் தொட்டிக்கு எதிரே அலமாரியில் சாய்த்து வைத்தேன். ஜெபம் முடிந்ததும் கபோர்டைத் திறந்து காட்டுவதாகத் திட்டம்.

எல்லோரும் கண்ணை மூடினோம். உபதேசியார் உருகி ஜெபித்துக்கொண்டிருக்க, போனிலிருந்து மெல்லிய குரல்.

"எட்டி, ஃபில்டர் எங்க?"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஹீட்டரும் இல்ல. எட்டி!"

உபதேசியார் குரலை உயர்த்தினார். "ஆண்டவரே, உம்முடைய ஆசீர்வாதம் இந்த வீட்டில் நிரம்பி வழியட்டும்!"

எல்லோரும் "ஆமென்" என்றோம். கரண்ட் போனது.

மோட்டார் நின்றால், அது ஏற்றிவிட்ட குழாய் வழியாகவே மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. கீழே இடம் இருந்தால் தாங்கும். நான்தான் இடமே வைக்கவில்லையே. கபோர்டுக் கதவின் அடியிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் கிளம்பிப் பாய்களை நோக்கி நடந்தது.

முதலில் உணர்ந்தது மாமி. "எட்டி ஷீபா, வெள்ளம்! வெள்ளம்!"

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். மாமிக்குத் தலைசுற்றல் என்று நினைத்து, கதவோரம் இருந்த மேரி அக்கா அடுக்களைக்கு ஓடி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "இது இல்லட்டீ, அது!" என்று மாமி தரையைக் காட்டினார். அதற்குள் எல்லோருடைய சேலையும் நனைந்திருந்தது.

"கபோர்டைத் திற!" என்று கத்தினார் ஜஸ்டின். திறந்தேன்.

"இது என்னது?"

"சர்ப்ரைஸ்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது என்ன ஓடியது என்று இன்றுவரை என்னால் சொல்லமுடியாது. "மேல வாற குழாயை வெள்ளத்துக்கு வெளிய எடு, சீக்கிரம்!"

எடுத்தேன். ஒழுக்கு நின்றது. "ஸ்தோத்திரம்" என்றார் உபதேசியார். குழாயைத் தொட்டி விளிம்பில் தொங்கவிட்டுவிட்டு நாங்கள் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் திரும்பி வந்தது. எல்லோரும் மகிழ்ச்சியாக இன்னொரு ஸ்தோத்திரம் சொன்னோம். மோட்டாரும் மகிழ்ச்சியாகக் கிளம்பியது. தொங்கிய குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று சொல்லவேண்டுமா? உபதேசியாரின் ஜிப்பா, கண்ணாடி, திறந்திருந்த வாய், எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர்.

"பிளக்கைப் பிடுங்கு!" என்று மஸ்கட் அலறியது. மாமி பாய்ந்து போய்ப் பிடுங்கினார். ஃபிரிட்ஜ் நின்றது. மீன்தொட்டியின் பிளக்கை நான் கண்டுபிடிப்பதற்குள் உபதேசியாருக்கு இரண்டாம் ஞானஸ்நானம் முடிந்திருந்தது.

எல்லோரும் போனபிறகு பார்த்தால், மேல் தொட்டியில் தண்ணீர் பாதிகூட இல்லை. பாறைகள் வெளியே தெரிந்தன. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. வீட்டில் அந்த உப்பும் மிச்சம் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜஸ்டின் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உனக்கு ஷாக் ஒண்ணும் அடிக்கலியே?" என்றார். பிறகு, "கடல் வெள்ளம் எடுத்துட்டு வா. தெளிஞ்சதா எடு."

மாமியும் நானும் கேன்களோடு ஆட்டோ பிடித்துப் பொழியூர் கடற்கரைக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது. இந்தக் கடலுக்கு எதிர்க்கரையில்தான் அவர் இருக்கிறார் என்று எனக்குப் புத்தகத்தில் படித்த அளவில் தெரியும். அன்றைக்குத்தான் முழங்கால் வரை அதில் இறங்கி நின்றேன். அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி மாமி கேனை முக்கிக்கொண்டே யாரிடமோ பேசுவது கேட்டது.

"எலே மக்கா, வெள்ளம் கொண்டு போறோம் ஆக்கும். நீயும் கூட வந்திரு லே."

கடலைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கேன் மூடியை நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

மீன்கள் பிழைத்தன. ஜஸ்டினுக்கு லீவும் கிடைத்தது, கிறிஸ்துமஸும் கழிந்த பிறகு. வந்தவர் அந்தக் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டார். கரண்ட் போனால் துளை வழியாகக் காற்று ஏறி ஒழுக்கு தானே நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். லீவு முடிந்து திரும்பிப் போனார். ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் என்றால் பெண்கள் இப்போதும், "மாத்துத் துணி எடுக்கணுமா ஷீபா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

போன மாதம் செங்கல் என்ற பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் பார்க்காத ஒருவர் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சிரித்தார்.

"சம்ப் சேச்சி அல்லே?"

மஸ்கட்டில் ஜஸ்டினோடு ஒரே அறையில் இருந்தவராம். அங்கேயும் மானம் போய்விட்டதா?

"ரூமுக்குப் புதுசா ஆரு வந்தாலும் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்" என்றார். "எல்லாரும் உருண்டு சிரிப்போம். உபதேசியார் மாதிரி நடிச்சும் காட்டும். பின்னே ஒவ்வொருத்தனா போனை எடுத்துட்டு வெளிய போவோம், வீட்டுக்கு விளிக்க."

"அவரு?"

"அண்ணனும்தான்."

சில நாட்களில் ஜஸ்டின் வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிடுவார். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, சும்மா" என்பார். தொட்டியைக் காட்டச் சொல்லமாட்டார். அந்த அறைக்கு இன்றைக்கு யாரோ புதிதாக வந்திருக்கிறார் என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது.