இரண்டாவது பாய் மிளகு

உக்குவளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மச்சான் இத்ரூஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என்னோடு பேசாமலிருக்கும் உங்கள் தங்கை முனவ்வராவும் என் மகள் அஸ்ராவும்கூடச் சுகம்தான்.

ஏன் பேசவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கெம்பஸில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளை ஆராய்ச்சி செய்ய வீட்டுக்கு வந்தாள். என்ன ஆராய்ச்சி? பச்சை மிளகைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்தால் சீக்கிரம் கறுக்குமா என்று பார்ப்பதாம்! மச்சான், நாற்பது வருடமாக மிளகு வியாபாரம் செய்கிறவன் நான், என் வாப்பாவும் செய்தார், எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரிந்த சங்கதிக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்றால் நாட்டில் படிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது பாருங்கள்! ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, இரண்டு நாள்.

செவ்வாய்க்கிழமை அவள் மாத்தளை டவுனுக்குப் போன நேரம் முற்றத்தில் பார்க்கிறேன், இரண்டு பாயில் மிளகு கிடக்கிறது, ஒன்று போட்டெடுத்தது, மற்றது பச்சையாகவே காய்கிறது. பிள்ளை மறந்துவிட்டாள், பாவம் என்று அடுப்பை மூட்டி, எங்கள் வழக்கப்படி பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரப்பி, கோழி விரட்டிக் காவலும் இருந்தேன். வந்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"என்னா வாப்பா செஞ்சி வச்சிருக்கீங்க? தண்ணியில போடாதது ஒண்ணு இருந்தாத்தானே வித்தியாசம் பார்க்கலாம்! அடுத்த வெள்ளி ரிப்போட்ட குடுக்காட்டி எனக்கு பட்டமே இல்ல!"

நல்ல மிளகு கெடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதற்குப் பெயர் விஞ்ஞானமா? இருந்தாலும் அவள் அழுத பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய பேராசிரியர் உங்கள் கூட்டாளிதானே, எப்படியாவது பத்து நாள் தவணை வாங்கித் தாருங்கள். கையோடு, தெரிந்ததையே திரும்பத் திரும்ப ஆராயும் இந்தப் பைத்தியத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மதினிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. அல்லாஹ் உங்கள் பிரஷரை இறக்கி ஆயுளை ஏற்றி வைப்பானாக.

இப்படிக்கு,
அப்துல் ஸமத்

பி.கு.: இக்கடிதம் தபாலில் போகாமல் மேசை லாச்சியிலேயே ஒரு மாதம் கிடந்துவிட்டது. அதற்குள் அஸ்ராவே பேராசிரியரிடம் உள்ளதைச் சொல்ல, அவர் சிரித்து, தவணையும் கொடுத்து, "வாப்பாட பாயையும் சேத்துப் பாருங்க" என்றாராம். புதிதாக ஒரு பாய் மிளகைப் பச்சையாகவே காயவைத்து மூன்றையும் பார்த்தார்கள். அவள் ஒரு நிமிடம் போட்டெடுத்த மிளகு முதலாவது, சும்மா காய்ந்தது இரண்டாவது. என்னுடையதில் வாசமும் இல்லை, காரமும் இல்லை. பிள்ளை பாஸாகிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய ரிப்போட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, உள்ளே பிழையான முறைக்கு உதாரணமாகவும் நான்தான் இருக்கிறேன். ஆகவே மச்சான், எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். முடிந்தால் சாதிக்காயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அதையும் என் வாப்பா சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கிறேன்.